பசுமை மெத்தனால் ஆலை: அரசுச் சலுகை எதுவரை வரும்?

காற்றாலை, சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, புகைபோக்கியில் பிடித்த கரியமில வாயுவோடு சேர்த்தால் மெத்தனால் கிடைக்கும். மணலி, எண்ணூர் பக்கம் இப்படி ஓர் ஆலை போட நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் ஊக்கத்தொகை ஹைட்ரஜனோடு நின்றுவிடும். கரியமில வாயுவைப் பிடிக்கவும் மெத்தனாலாக்கவும் ஆகும் செலவு ஆலையின் தலையில்தான்.

2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற இந்த இயக்கத்தின் ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். அதில் 17,490 கோடி, எலக்ட்ரோலைசர் (மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் கருவி) தயாரிப்பையும் ஹைட்ரஜன் உற்பத்தியையும் ஊக்குவிக்கும் 'சைட்' திட்டத்துக்கு. ஹைட்ரஜனுக்கான முதல் சுற்றில் உச்சவரம்பு, கிலோவுக்கு முதல் ஆண்டு 50, அடுத்து 40, பிறகு 30 ரூபாய். மனுப் போட்டவருக்கெல்லாம் கிடைக்கும் மானியம் அல்ல இது. டெண்டரில் ஜெயிக்க வேண்டும்.

ஒரு கணக்கு. நாளுக்கு 10 டன் மெத்தனால் என்றால் கரியமில வாயு சுமார் 14 டன், ஹைட்ரஜன் 2 டன் வேண்டும். கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் வீதம், அதற்கு மட்டும் நாளுக்கு ஒரு லட்சம் யூனிட்டுக்கு மேல் போகும். இடைவிடாமல் ஓடினால் நாலரை மெகாவாட் எலக்ட்ரோலைசர் போதும். மின்சாரம் நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரமே வருமானால் 13 மெகாவாட்டுக்கு மேல் வேண்டும். உச்ச ஊக்கத்தொகையே கிடைத்தாலும் கிலோ மெத்தனாலுக்குப் பத்து ரூபாய்தான் விழும்.

'பசுமை' என்ற பெயருக்கும் அளவுகோல் உண்டு. கிலோ ஹைட்ரஜனுக்கு கரியமில வாயு உமிழ்வு, 12 மாதச் சராசரியில், 2 கிலோவைத் தாண்டக்கூடாது. நீர் சுத்திகரிப்பு, வாயுவை உலர்த்துதல், அழுத்துதல் எல்லாம் இதில் சேரும். நாட்டின் கிரிட் (பொது மின்கட்டமைப்பு) மின்சாரத்தில் யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ உமிழ்வு இருப்பதால், நூறில் ஐந்தாறு யூனிட் சாதாரண கிரிட்டிலிருந்து வந்தாலே வரம்பு நிரம்பிவிடும். இரவில் கம்ப்ரசரை கிரிட்டில் ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மின்கட்டணச் சலுகையை ஊன்றிப் படிக்க வேண்டும். 2030 டிசம்பர் 31க்குள் இயங்கத் தொடங்கும் பசுமை ஹைட்ரஜன் ஆலைகளுக்கு, மாநிலங்களுக்கு இடையிலான மின்கடத்தல் கட்டணம் 25 ஆண்டுகளுக்கு இல்லை. ராஜஸ்தான் சூரிய மின்சாரத்துக்கு இது பெரிய லாபம். முப்பந்தல் காற்றாலை மின்சாரம் தமிழ்நாட்டு கம்பியிலேயே வந்தால் இந்தச் சலுகையால் பயனில்லை. மாநிலக் கட்டணமும் இழப்பும் உண்டு. பசுமை மின்சாரத்தை வெளியாரிடம் நேரடியாக வாங்க வழிசெய்யும் 2022ஆம் ஆண்டு பசுமை ஓப்பன் ஆக்சஸ் விதிகள், மற்ற நுகர்வோரின் மலிவுக் கட்டணத்தை ஈடுகட்ட வசூலிக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணத்திலிருந்து விலக்குத் தருகின்றன. ஆனால் விதியில் இருப்பது பசுமை ஹைட்ரஜனும் அம்மோனியாவும்தான். ஆகவே மெத்தனால் பகுதிக்கும் கரியமில வாயு பிடிக்கும் பகுதிக்கும் தொடக்கத்திலேயே தனி மீட்டர் வையுங்கள்.

ஐரோப்பாவுக்கு விற்க நினைத்தால் கரியமில வாயுவின் மூலமே முதல் கேள்வி. அனல் மின்நிலையப் புகையை அங்கே 2035 முடியும்வரை, மற்ற ஆலைப் புகையை 2040 முடியும்வரைதான் ஏற்பார்கள். அதுவும் புகை கிளம்பும் இடத்திலேயே முறையான கார்பன் விலை (உமிழ்வுக்குக் கட்டும் விலை) கணக்கில் வந்திருந்தால். நிலக்கரிப் புகையில் வேறு தொல்லையும் உண்டு: கந்தகம், கரியமில வாயுவைப் பிடிக்கும் அமீன் கரைசலைக் கெடுக்கும், மிஞ்சியது மெத்தனாலாக்கும் செம்பு வினையூக்கியைச் செயலிழக்க வைக்கும். சர்க்கரை ஆலை வடிசாலைகளில் நொதித்தலின்போது வரும் வாயு ஏறக்குறைய தூய்மையானது, ஐரோப்பிய விதிக்கும் பொருந்தக்கூடியது. ஏற்றுமதிதான் குறி என்றால் அதைத்தான் முதலில் தேட வேண்டும், டேங்கர் செலவு கூடினாலும். இன்னொன்று: 2030 முதல் அங்கே மின்சாரக் கணக்கு மணிக்கு மணி பொருந்தியாக வேண்டும், அதாவது பசுமை மின்சாரம் உற்பத்தியான அதே மணி நேரத்தில் ஹைட்ரஜனும் உற்பத்தியாக வேண்டும். உபரி மின்சாரத்தைக் கிரிட்டில் வரவு வைத்து அந்த மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளும் இங்குள்ள மாதாந்திர பேங்கிங் அதற்கு உதவாது.

உரிமங்களில் பலர் மறப்பது மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையை. தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருக்கவே 1959ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. தொட்டி அளவு, தினசரி இருப்பு, வெளியேறும் ஒவ்வொரு டேங்கர் எல்லாவற்றுக்கும் பதிவேடு வைத்து, இந்த விண்ணப்பத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியோடு சேர்த்தே தொடங்கிவிடுங்கள்.