துருவமயமாதலா, துருவமயமாக்கலா?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகன் போன வாரம் போன் செய்தான். கல்லூரியில் கட்டுரைப் போட்டியாம். தலைப்பு, 'அரசியல் துருவமயமாதலும் மக்களாட்சியும்'. "மக்களாட்சி தெரியும் மாமா. இந்தத் துருவமயமாதல்னா என்ன? போலரைசேஷனா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம்தான் உறுத்தியது. அவனுக்குப் புரியாத சொல்லுக்கு, அவனுக்குப் பாதி புரிந்த இன்னொரு சொல்லையே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இந்தச் சொல்லை அப்படிக் கடந்துபோகக் கூடாது. அதனால் அவனுக்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

துருவம் வடமொழியிலிருந்து வந்தது. 'த்ருவ' என்றால் அசையாதது, நிலைத்தது. வானத்தில் மற்ற மீன்களெல்லாம் சுற்ற, ஒன்று மட்டும் வடக்கே நின்ற இடத்தில் நிற்பதாகத் தெரிவதால் அது துருவ நட்சத்திரம். அங்கிருந்து பூமியின் இரு முனைகளுக்கும், காந்தத்தின் இரு முனைகளுக்கும் பெயர் பரவியது. ஐரோப்பிய மொழிகளில் இதே முனைகளைக் குறிக்கும் 'போல்' கிரேக்கத்து 'போலோஸ்' என்பதிலிருந்து வருகிறது. அதற்கு அச்சு, சுழலும் நடு என்று பொருள். கிரேக்கர் சுழற்சியைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நம் பக்கம் அசையாமையைப் பார்த்து வைத்தார்கள். அரசியலுக்கு நம் பெயர்தான் அதிகம் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். இரண்டு பக்கம் இருப்பது நோயல்ல. பக்கத்தை விட்டு யாரும் நகர முடியாமல் போவதுதான் நோய்.

'போலரைசேஷன்' என்ற சொல்லை உண்டாக்கியவர் அரசியல்வாதி இல்லை, மாலுஸ் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர். 1808-இல் பாரிசில், லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் தெறித்த மாலை வெயிலைக் கால்சைட் படிகம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப ஒளி மங்குவதும் தெளிவதுமாக இருந்தது. சாதாரண ஒளி எல்லாத் தளங்களிலும் அதிரும். இப்படித் தெறித்த ஒளியிலோ ஒரு தளத்து அதிர்வே மேலோங்கி நிற்கும். அதனால்தான் நம் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடத்தில் இதற்குத் 'தளவிளைவு' என்று பெயர். அதே பாடப்புத்தகத்தில் மின்னியலுக்கு வந்தால் 'மின்முனைவாக்கம்' என்று இருக்கும். ஆக, ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே இரண்டு பெயர்கள். குறையாக நான் நினைக்கவில்லை, இரண்டும் வேறு வேறு நிகழ்ச்சிகள்.

அரசியலில் நடப்பதைக் காந்தத்தை வைத்து விளக்குவதே வழக்கம். எனக்கு ஒளிதான் சரியாகப் படுகிறது. பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி விவசாயியை எடுத்துக்கொள்வோம். விலை விஷயத்தில் அவர் ஒருவரோடு சேர்வார், கோயில் விஷயத்தில் வேறொருவரோடு, பெண் படிப்பு விஷயத்தில் மூன்றாமவரோடு. பல தளங்களில் அதிர்கிற மனிதர் அவர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்து பலாவையும் முந்திரியையும் சாய்த்துப் போட்டபோது, விழுந்த மரத்தின் ஒரு பக்கம் ஒரு கரைவேட்டி, மறுபக்கம் இன்னொரு கரைவேட்டி, நடுவில் ஒரே ரம்பம். அதை நான் கண்ணால் பார்த்தேன். துருவமயமாதல் என்பது அந்த விவசாயியின் மற்ற அதிர்வுகளை எல்லாம் அணைத்துவிட்டு, 'நீ எந்தக் கட்சி' என்ற ஒரே தளத்தை மட்டும் விட்டுவைப்பது. அதன் பிறகு நிவாரணப் பட்டியல்கூடக் கட்சிப் பட்டியலாகத்தான் கண்ணுக்குத் தெரியும். கல்யாணப் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதுவரை அது வந்துவிடும். எங்கள் உறவிலேயே வந்துவிட்டது. ஒரே தெருவில் இருக்கும் அண்ணன் தம்பி இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை, சொத்துத் தகராறு எதுவும் கிடையாது.

சரி, எதிர்ப்பே இல்லாமல் இருப்பதுதான் மருந்தா? இல்லவே இல்லை. தமிழில் 'எதிர்' வேறு, 'எதிரி' வேறு. எதிர்வீட்டுக்காரர் நமக்கு எதிரி இல்லை. வாசலில் நின்றால் முகம் பார்க்கிறவர், அவ்வளவுதான். எதிர்க்கட்சியும் அப்படி அவையில் எதிரே உட்கார்ந்து முகம் பார்க்கிற கட்சி. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே தலைவராக இருப்பது மரபு. ஆளுகிறவர் செலவழித்த கணக்கை எதிரே இருப்பவர் பார்க்கட்டும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. எதிரே இருப்பவரை எதிரி என்று நினைத்துவிட்டால் கணக்குப் புத்தகத்தை யாரும் நீட்ட மாட்டார்கள். மக்களாட்சி அந்த இடத்தில்தான் முதலில் அடிபடும்.

'கட்சி' என்ற சொல்லையும் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். புறநானூற்றின் 202-ஆம் பாட்டில் 'கட்சி காணாக் கடமா' என்று வருகிறது. வேட்டுவர் விரட்ட, புகலிடம் காணாமல் ஓடும் காட்டு விலங்கு. இன்றைய அரசியல் கட்சி என்ற பொருளுக்கு வேறு வேர் சொல்பவர்கள் உண்டு. ஆனாலும் பழந்தமிழில் இதே வடிவத்துக்குப் புகலிடம், பறவைக் கூடு என்றெல்லாம் பொருள் இருந்ததை மறக்க மனம் வரவில்லை.

புதுச்சேரிக்காரனான என் மருமகனுக்கு உள்ளூரிலேயே பாடம் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் அங்கே அரசியல் அடிதடியும் தீவைப்புமாகத்தான் இருந்தது. பிரான்சோடு இருப்பதா, இந்தியாவோடு சேர்வதா என்பதில் ஊர் இரண்டாக நின்றது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. எல்லோரும் 170-ஐத்தான் சொல்வார்கள். நான் அந்த எட்டையும் சேர்த்துச் சொல்வேன். அந்த எட்டு வாக்கும் எண்ணப்பட்டு எழுதப்பட்டது. பிரான்சின் பக்கம் உறுதியாக நின்ற உள்ளூர் அரசியல் தலைவர் எதுவார் குபேர் அந்த ஆண்டுதான் இணைப்பின் பக்கம் வந்தார். ஏன் மாறினார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பின்னால் அதே புதுச்சேரிக்கு முதலமைச்சராகவும் ஆனார். 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு நடந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் இருந்தது. தேர்ந்துகொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். பிரான்ஸ் அதிபர் தேர்தல் வந்தால் புதுச்சேரியிலேயே வாக்களிக்கிறார்கள். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் சட்டமன்றத் தேர்தலுக்கு வேறொரு நாள் வரிசையில் நிற்கிறார். தோற்றவர் வெளியேற வேண்டியதில்லை, நின்றவர் நகரலாம் என்ற இரண்டும் அன்று அங்கே கிடைத்தன.

இனி, எந்தச் சொல்லை எழுதுவது? இதில் தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. 'போலரைசேஷன்' என்றால் அது தானாக நடந்ததா, யாராவது நடத்தினார்களா என்று தெரியாது. தமிழில் தன்வினையும் பிறவினையும் தனித்தனி. 'ஆதல்' என்றால் நாமே அப்படி ஆகிறோம், 'ஆக்கல்' என்றால் ஒருவர் ஆக்குகிறார். செய்தித்தாள்களில் இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். தேர்தலுக்கு முன்னால் பொய்ப் படத்தை வாட்ஸப்பில் பரப்பி ஊரைப் பிரித்தால், அதைத் துருவமயமாதல் என்று எழுதுவது செய்தவரை மறைப்பதாகும். அங்கே ஆக்கல் என்று எழுத வேண்டும், ஆக்கியது யார் என்றும் எழுத வேண்டும். அந்தப் படத்தைச் சரிபார்க்காமல் நாம் சித்தப்பாவுக்கு அனுப்பினால் அது ஆதல். பழியில் நமக்கும் பங்கு உண்டு.

வடசொல் வேண்டாம் என்பவர்கள் 'முனை' என்பதிலிருந்து சொல் ஆக்கிக்கொள்ளலாம். முனை என்றால் நுனி மட்டுமல்ல, பழைய தமிழில் போர்க்களமும்கூட. முனைதல் என்றால் வெறுத்தல், பகைத்தல். கெடிலமும் பெண்ணையும் பாயும் எங்கள் பகுதிக்கே திருமுனைப்பாடி நாடு என்றுதான் பழைய பெயர். ஆகவே 'இருமுனைப்படுதல்', 'இருமுனைப்படுத்தல்' என்று எழுதினால் இரண்டு நுனியும் தெரியும், பகையும் தெரியும், செய்தவர் இருக்கிறாரா என்பதும் தெரியும். 'பிளவு' போதாது. பிளந்த இரு துண்டுகள் ஒன்றையொன்று வெறுக்க வேண்டும் என்பதில்லை. 'கருத்து வேறுபாடு' என்று எழுதவே கூடாது, அது நமக்கு வேண்டிய பொருள். அறிவியல் கட்டுரையில் தளவிளைவும் முனைவாக்கமும் அப்படியே இருக்கட்டும். தம்பி, உன் தலைப்பில் 'ஆதல்' என்று போட்டிருக்கிறார்கள். கட்டுரைக்குள் எங்கெல்லாம் 'ஆக்கல்' வர வேண்டும் என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடு.