மகப்பேறு நிதியுதவி: பணம் எங்கே நின்றுபோகிறது?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தமிழக அரசு வழங்குவது மொத்தம் 18,000 ரூபாய். இதில் 14,000 ரூபாய் பணமாகவும், 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். 2024 ஏப்ரலுக்குப் பிறகு பணம் மூன்று தவணைகளாகிவிட்டது: கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 19 வயது நிறைந்த பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது உண்டு.

தகுதி இருந்தும் பணம் கிடைக்காத பெண்கள் ஏராளம். மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியே சொல்லக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதில்தான் பலருக்குச் சிக்கல் தொடங்குகிறது. ஏனெனில் 12 வாரத்துக்குள் கிராம அல்லது நகர்ப்புற சுகாதார செவிலியரிடம் பதிந்து, கர்ப்பிணிகளுக்கான அரசுக் கணினிப் பதிவின் எண்ணான பிக்மி (PICME) எண் பெற வேண்டும், அந்த வாரக் கணக்கும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. ஊராரிடம் சொல்லாவிட்டாலும் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். தனியார் மருத்துவரிடம் ஸ்கேன் எடுத்ததாலேயே இத்திட்டத்தில் சேர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

அடுத்தது வங்கிக் கணக்கு. இங்கேதான் பெண்களை அதிகம் அலைக்கழிக்கிறார்கள். கணக்கு கர்ப்பிணியின் பெயரிலேயே இருக்க வேண்டும்; கணவர் கணக்கோ கூட்டுக் கணக்கோ உதவாது. ஆதாரில் தந்தை பெயரின் முதலெழுத்தும், திருமணத்துக்குப் பின் தொடங்கிய பாஸ்புக்கில் கணவர் பெயரின் முதலெழுத்தும் இருந்தால், அந்த ஓர் எழுத்துக்காகவே விண்ணப்பம் நின்றுவிடக்கூடும். அதைவிடக் கொடுமை, ‘ஆதார் சேர்த்தாச்சு’ என்று வங்கியில் வாயால் சொல்லி அனுப்பிவிடுவது. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவதும், அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக அதை ஆதாருடன் இணைப்பதும் வெவ்வேறு வேலைகள். கடைசியாக எந்தக் கணக்குக்கு அப்படி இணைத்தீர்களோ அதற்கே பணம் போகும். எப்போதோ தொடங்கி மறந்துபோன அஞ்சலகக் கணக்கில் தவணை விழுந்து கிடக்க, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வேறொரு வங்கிக்கு நிறைமாதத்தில் நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆதார் இணையதளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ என்ற இடத்தில் எந்த வங்கி காட்டுகிறது என்று பார்த்து, அந்த வங்கியின் விவரத்தையே செவிலியரிடம் கொடுங்கள். நெடுநாள் பயன்படுத்தாத கணக்கு முடங்கியிருக்கும். நூறு ரூபாயாவது போட்டு எடுத்துப் பாருங்கள்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள், புகுந்த வீட்டுச் செவிலியரிடம் சொல்லிவிட்டுப் போவதுடன், போன ஊரிலும் பழைய பிக்மி எண்ணையே காட்ட வேண்டும். அங்கே புதிதாகப் பதியச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். இரண்டு பதிவுகள் ஆனால் தவணைக்கு இரண்டு ஊரும் பொறுப்பேற்காமல் மாறி மாறிக் கைகாட்டும். தாய்-சேய் நல அட்டையின் எல்லாப் பக்கங்களையும் செல்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

குழந்தை பிறந்த பிறகு வரும் தவணைகள் தடுப்பூசியைச் சார்ந்தவை. 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகள் முடிந்தால்தான் இரண்டாம் தவணை. ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குப் பிறகே மூன்றாவது. வேறு ஊரிலோ தனியார் மருத்துவமனையிலோ ஊசி போட்டிருந்தால் அட்டையில் தேதியும் முத்திரையும் வாங்கி, உங்கள் செவிலியர் அதைக் கணினியில் ஏற்றினாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்றாத ஊசி அலுவலகக் கணக்கில் போடாத ஊசிதான்.

தவணை வரவில்லை என்றால், ‘மேலிருந்து நிதி வரவில்லை’ என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். நிதி தாமதமாவது உண்மையாகவே நடக்கிறது; ஆனால் உங்கள் விண்ணப்பம் ஒப்புதலாகிக் காத்திருக்கிறதா, பிழையோடு திரும்பியிருக்கிறதா என்பது கணினியில் தெரியும், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. செவிலியரிடம் பதில் இல்லையெனில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கும் நகராவிட்டால் முதல்வரின் உதவி எண் 1100-இல் புகாரைப் பதியலாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவும் தரலாம். பிக்மி எண், பாஸ்புக்கின் முதல் பக்கம், தடுப்பூசிப் பக்கம் மூன்றின் நகலையும் மனுவோடு இணைத்து, மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகே கிளம்புங்கள்.