ஹிப்னாசிஸ்: மனோவசியமா, அறிதுயிலா?

என் சித்திக்கு லிஃப்ட் என்றால் ஆகாது. மகள் சென்னையில் ஏழாவது மாடியில் குடியிருக்கிறாள். பேரனைப் பார்க்க ஸ்ரீரங்கத்திலிருந்து வரும்போதெல்லாம் சித்தி முழங்கால் வலியோடு ஏழு மாடியும் படியேறித்தான் போவார். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று மூச்சு வாங்குவார். ஒருமுறை மாப்பிள்ளை தைரியம் சொல்லி லிஃப்டுக்குள் அழைத்துப் போனார். கதவு பாதி மூடியதுமே சித்தி இரண்டு கையாலும் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கை சில்லிட்டிருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. பேச முயன்றார், நாக்கு ஒட்டிக்கொண்டது.

நானும் தங்கையும் நாலு இடத்தில் விசாரித்து, இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரைக் கண்டுபிடித்தோம். சித்தியும் சரி என்றார். புறப்படுவதற்கு முதல்நாள் அந்த இடத்தின் துண்டறிக்கை அவர் கையில் கிடைத்தது. ‘பய நோய்களுக்கு மனோவசிய சிகிச்சை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நாலாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“ஏம்ப்பா, யாரோ ஒருத்தர் என்னை வசியம் பண்றதுக்கு நானே காசு கொடுத்துட்டுப் போய் உக்காரணுமா?”

அதோடு எட்டு மாதம் போய்விட்டது. மருத்துவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஹிப்னாசிஸுக்குத் தமிழ் என்று ‘மனோவசியம்’ என்ற அந்தச் சொல்லைப் போட்ட கைமேல்தான் கோபம். பத்திரிகைகளில், மொழிபெயர்த்த தொடர்களில், யூடியூப் தலைப்புகளில் எத்தனையோ முறை பார்த்துப் பேசாமல் இருந்துவிட்ட சொல்தான் அது. வீட்டுக்குள் வந்து ஒருவரின் சிகிச்சையைத் தடுத்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில், சித்திக்கு இருப்பது போன்ற பயத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ஃபோபியாவை முடித்துவிடலாம். கிரேக்கத்தில் ஃபோபோஸ் என்பவன் போர்க்கடவுள் ஏரெஸின் மகன். 1877-இல் கண்டுபிடிக்கப்பட்ட செவ்வாயின் நிலவுகளில் ஒன்றுக்கு அவன் பெயர்தான். ஹோமரின் காவியத்தில் இந்தச் சொல் போர்க்களத்தில் பதறித் திரும்பி ஓடுவதையே பெரும்பாலும் குறிக்கிறது. அதனால் ஃபோபியாவை ‘அச்சம்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அச்சம் இயல்பானது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்று அதற்கு நான்கு காரணம் சொல்கிறது தொல்காப்பியம். நான்கும் நியாயமான காரணங்கள். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை என்பது குறள். பாம்பைக் கண்டு ஒதுங்குகிறவருக்கு நோய் இல்லை. பல்லி ஒன்றும் செய்யாது என்று தனக்கே தெரிந்திருந்தும், பல்லி இருக்கிற வீட்டில் தங்க முடியாமல் மாதக்கணக்கில் வாழ்க்கையையே சுருக்கிக்கொள்கிறாரே, அவருக்கு இருப்பதுதான் ஃபோபியா.

இதற்கு நம்மிடம் ‘வெருட்சி’ இருக்கிறது. மாடு வெருண்டது என்று ஊரில் சொல்கிறோம். எதைக் கண்டு வெருள்கிறது? காற்றில் படபடக்கும் பாலிதீன் பையைக் கண்டு. பையால் மாட்டுக்கு ஆபத்து எதுவும் இல்லை. ஆனாலும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். ஹோமரின் ஓட்டமும் இருக்கிறது, காரணத்துக்கு மீறிய பதற்றமும் இருக்கிறது. இலங்கைத் தமிழர் ‘வெருட்டாதே’ என்று இன்றும் பேச்சில் சொல்கிறார்கள். உயர வெருட்சி, ஊசி வெருட்சி, இருட்டு வெருட்சி என்று எதோடு சேர்த்தாலும் வாயில் தடங்காமல் வருகிறது. பேச்சில் ஃபோபியா என்றே சொல்லிவிட்டுப் போனாலும் எனக்கு வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் ‘வெறுப்பு’ என்று எழுதுகிறவர்களிடம்தான். வெரு வேறு, வெறு வேறு. ஒரு றகரம் மனிதரையே மாற்றிக் காட்டிவிடும். வெறிநாய்க்கடி முற்றியவருக்கு வரும் ஹைட்ரோஃபோபியாவை ‘நீர் வெறுப்பு’ என்று எழுதுகிறார்கள். அந்த நோயாளி தண்ணீரை வெறுக்கவில்லை. தாகத்தில் தவிக்கிறார். விழுங்கப் போனால் தொண்டைத் தசைகள் வலியோடு இழுத்துப் பிடிப்பதால், டம்ளரைப் பார்த்தாலே நடுங்குகிறார். அவரைப் போய் வெறுக்கிறவர் என்று எழுதலாமா? இஸ்லாமோஃபோபியா, ஹோமோஃபோபியா போன்ற சொற்களில் வெறுப்பு என்று எழுதுவது பொருத்தம், அங்கே பேசப்படுவது பகைமை. வேதியியலில் எண்ணெய் நீரோடு ஒட்டாததை நீர் வெறுக்கும் தன்மை என்பதிலும் தவறில்லை. ஆங்கிலத்துக்கு ஒரே விகுதி என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லை ஒட்ட வேண்டும் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

இப்போது வசியத்துக்கு வருகிறேன்.

அது வடசொல் என்பதற்காக நான் எதிர்க்கவில்லை. அப்படி எதிர்த்தால் வருடத்தையும் மாதத்தையும்கூட விட வேண்டியிருக்கும். அது சொல்லும் பொருள்தான் சிக்கல். வசம் என்றால் பிடி, கட்டுப்பாடு. வசியம் என்றால் இன்னொருவரைத் தன் பிடிக்குள் கொண்டுவருவது. மாந்திரிக மரபில் அட்ட கருமம் என்று எட்டுச் செயல்களைச் சொல்வார்கள். வசியம், மோகனம் என்று ஆரம்பிக்கும் அந்த வரிசையில் தம்பனம், உச்சாடனம் எல்லாம் உண்டு, உயிரைப் போக்கும் மாரணமும் உண்டு. சனவசியம், ராசவசியம், வசிய மை, வசிய மருந்து. ‘பையனுக்கு மருந்து வச்சுட்டாங்க’ என்று எத்தனை வீட்டில் மாமியார்கள் இன்றும் அழுகிறார்கள்! ஜாதகப் பொருத்தத்தில்கூட வசியப் பொருத்தம் என்று ஒன்று பார்க்கிறோம். இவ்வளவு பாரத்தைச் சுமந்து வருகிற ஒரு சொல்லுக்கு முன்னால் ‘மனோ’ என்று சேர்த்துவிட்டால் அது மருத்துவச் சொல்லாகிவிடுமா? உன் மனத்தைப் பிடித்து என் கைக்குள் வைத்துக்கொள்வேன் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். சித்தி சரியாகத்தான் படித்தார்.

ஆனால் அந்த அறையில் நடப்பது வேறு. கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, உடம்பைத் தளர்த்தி, ஒரே ஒரு காட்சியில் மனத்தைக் குவிக்கச் சொல்கிறார்கள். வெளியில் ஆட்டோ போகிற சத்தம் கேட்கும். நினைத்தால் கண்ணைத் திறக்கலாம், எழுந்தும் போகலாம். மூளையின் மின்னலைகளை அளந்தால் அவை தூங்குகிறவரின் அலைகளைப் போல இருப்பதில்லை. அந்தக் குவிந்த நிலையில், வெருட்சி தரும் காட்சியைச் சிறிது சிறிதாக மனக்கண்ணில் கொண்டுவரச் சொல்வார்கள். முதலில் தூரத்தில் தெரியும் லிஃப்ட், பிறகு அதன் கதவு, பிறகு உள்ளே ஒரு காலடி. படபடப்பு கூடினால் நிறுத்தி, அமைதியான பிறகு தொடர்வார்கள். வேலை செய்வது உட்கார்ந்திருப்பவரின் மனம். மருத்துவர் வழி சொல்கிறார், அவ்வளவுதான். எல்லாருக்கும் இந்த நிலை ஒரே ஆழத்தில் கைகூடுவதும் இல்லை. அதை அளக்க 1959-இல் ஸ்டான்ஃபோர்டில் ஓர் அளவுகோலே செய்தார்கள். வசியம் என்றால் இது விளங்குமா? வசியக்காரன் கெட்டிக்காரனாக இருந்தால் எல்லாரும் மயங்கத்தானே வேண்டும்!

இந்த இடத்தில் ஒரு கோவாக்காரரைச் சொல்லியாக வேண்டும். அபே ஃபாரியா, 1756-இல் கோவாவின் காண்டோலிமில் பிறந்த பாதிரியார். அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்க மெஸ்மர் என்ற மருத்துவரின் பேச்சுதான். அவர் உடம்பிலிருந்து ஒரு காந்தப் பாய்மம் கிளம்பி நோயாளிக்குள் போகிறது என்று நம்பினார்கள். 1784-இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு, விஞ்ஞானிகள் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்த குழு, அப்படி ஒரு பாய்மமே இல்லை என்று சொல்லிவிட்டது. ஃபாரியா 1813-இல் பாரிசில் செய்துகாட்டத் தொடங்கினார். என்னிடமிருந்து எதுவும் உனக்குள் வருவதில்லை, எல்லாம் உன் மனத்தில்தான் நடக்கிறது என்பதே அவர் சொன்னதன் சாரம். வசியக் கொள்கையை அடியோடு மறுத்தவர் அவர். இருந்தும் பணஜியில் அவருக்கு வைத்திருக்கும் சிலையைப் பாருங்கள். விழுந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் மேல் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறார். தன்னிடமிருந்து எதுவும் போகவில்லை என்று சொன்ன மனிதரை மந்திரவாதியின் கோலத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ‘மனோவசியம்’ என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தச் சிலைதான் நினைவுக்கு வருகிறது.

அந்த நிலைக்கு ஃபாரியா பிரெஞ்சில் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘தெளிந்த உறக்கம்’. அறிவு விழித்திருக்கும் உறக்கம். அவருக்குப் பின் மான்செஸ்டரில் இருந்த ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு, 1841-இல் ஒரு மேடைக் காட்சியைச் சந்தேகத்தோடு பார்க்கப் போய், பிறகு தானே ஆராய்ந்து, 1843-இல் வெளியிட்ட நூலில் கிரேக்க உறக்கக் கடவுள் ஹிப்னோஸின் பெயரை இதற்கு வைத்தார். சில ஆண்டுகளிலேயே, இது உறக்கமே அல்லவே என்று வருந்தி, ஒரே எண்ணத்தில் மனம் குவிவதைச் சொல்லும் வேறு பெயரை முன்வைத்தார். யாரும் கேட்கவில்லை. ஹிப்னாசிஸ் நிலைத்துவிட்டது.

பிரெய்டு வருந்திய குறை நம் சொல்லில் இல்லை. ‘அறிதுயில்’. நான் உருவாக்கியது அல்ல, உளவியல் எழுதும் சிலர் ஏற்கனவே பயன்படுத்துவதுதான். அறிந்த துயில், அறிகின்ற துயில், அறியும் துயில் என்று விரியும் வினைத்தொகை. சொல்லின் வயதும் குறைந்ததல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகார் நகரை விட்டுக் கிளம்பும்போது, ‘அறிதுயில் அமர்ந்த மணிவண்ணன் கோட்டம்’ ஒன்றை வலம்வந்து கடந்து போகிறார்கள். பாம்பணையில் படுத்திருந்தாலும் அவன் அறியாதது எதுவும் இல்லை என்பதைச் சொல்லப் பிறந்த சொல். ஃபாரியா பிரெஞ்சில் தேடிப் பிடித்ததை நாம் கோயிலில் வைத்திருந்தோம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, இது சமயச் சொல், மருத்துவத்துக்குப் பொருந்தாது என்பது. ஹிப்னோஸ் மட்டும் யார்? கிரேக்கர்கள் கும்பிட்ட கடவுள்தானே! இன்னொன்று, அறிதுயில் யாருக்கும் புரியாது, வசியம் எல்லாருக்கும் புரியும் என்பது. எனக்குப் பெரிய எரிச்சல் இதில்தான். வசியம் புரிவதுதான் பிரச்சினையே, தப்பாகப் புரிகிறது. புரியாத சொல்லைக் கண்டால் ‘அப்படீன்னா என்ன?’ என்று ஒருவர் கேட்பார். தப்பாகப் புரிந்த சொல்லைக் கண்டால் கேட்கமாட்டார், எழுந்து போய்விடுவார்.

வேறு சில சொற்களும் ஓடுகின்றன. ‘ஆழ்துயில்’ என்று எழுதுவது நேர் எதிர்ப்பொருளைத் தருகிறது. ‘ஆழ்மன சிகிச்சை’ என்பது எதை வேண்டுமானாலும் குறிக்கும். மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னும் இரண்டு குறைகள் உண்டு. அந்த நிலையை ‘மயக்கம்’ என்கிறார்கள். மயக்கம் என்றால் நமக்கு வெயிலில் சுருண்டு விழுவது, இல்லையென்றால் ஆபரேஷனுக்கு முன்னால் போடும் ஊசி. மருத்துவர் அப்போது மென்மையாகச் சொல்லும் சொற்களை ‘ஆலோசனைகள்’ என்கிறார்கள், ஏதோ வங்கியில் முதலீட்டுக்கு வழி சொல்வதுபோல. ‘மனத்தில் ஊன்றும் சொற்கள்’ என்று விரித்து எழுதினால் என்ன குறைந்துவிடும்? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறவர்கள், அந்த வரியை ஒரு நோயாளி படிப்பார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அறிதுயிலை மந்திரம்போல விற்கிறவர்களையும் நான் ஏற்கவில்லை. வெருட்சிக்கு மிகவும் உறுதியான ஆதாரம் உள்ள வழி, அஞ்சும் பொருளைப் படிப்படியாக நேரில் எதிர்கொள்ளப் பழகுவதுதான். ஒதுங்க ஒதுங்க வெருட்சி வளரும், தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியே அதற்குத் தீனி. அறிதுயில் இந்தப் பழக்கத்துக்குக் கைகொடுக்கும் துணை. எல்லா வெருட்சிக்கும் தளர்த்துவது உதவும் என்றும் சொல்ல முடியாது. இரத்தத்தையோ ஊசியையோ கண்டால் விழுந்துவிடுகிறவர்களுக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. அவர்களுக்குக் கைகால் தசைகளை இறுக்கிப் பிடிக்கத்தான் கற்றுத்தருகிறார்கள். ஆகவே பயிற்சி பெற்ற மனநல மருத்துவரோ உளவியலாளரோ பார்க்க வேண்டிய வேலை இது.

போன தை மாதம் சித்தியிடம் மறுபடி பேச்செடுத்தேன். இந்தத் தடவை துண்டறிக்கை எதுவும் காட்டவில்லை. “சித்தி, அதுக்குப் பேரு அறிதுயில்” என்றேன்.

“நம்ம ரங்கநாதர் படுத்திருக்காரே, அதுவா?”

“அதே சொல்லுதான்.”

“அவர் எங்கேப்பா தூங்கறார்? கண்ணை மூடிட்டு எல்லாத்தையும் பாத்துட்டுல்ல இருக்கார்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்போ நானும் பாத்துட்டுத்தான் இருப்பேனா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். இதுவரை ஐந்து தடவை போய் வந்திருக்கிறார். முதலில் இரண்டு வாரம் கீழ்த்தளத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் சும்மா நின்று பழகினார், பேரன் வெளியே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். இப்போது மூன்றாவது மாடிவரை லிஃப்டில் போகிறார். அங்கே இறங்கி, மிச்சம் நாலு மாடியைப் படியேறுகிறார்.