கதிரலை விண்மீன் திரள்: பெயரும் வகையும்

ரேடியோ கேலக்ஸியை ‘வானொலி விண்மீன் திரள்’ என்று எழுதுகிறார்கள். படித்தால் வானத்தில் யாரோ நிலையம் வைத்துப் பாட்டுப் போடுவது போல இருக்கிறது. அங்கே ஒலியே கிடையாது. வருவது ஒளியின் இனத்தைச் சேர்ந்த நீண்ட அலை. ‘கதிரியக்க’ என்று போட்டுவிடுகிறவர்களும் உண்டு. அது யுரேனியத்தின் குணம், இங்கே பொருந்தவே பொருந்தாது.

ரேடியோ என்பதன் வேர் லத்தீன் ‘ரேடியஸ்’. சக்கரத்தின் ஆரக்காலுக்கும் ஒளிக்கதிருக்கும் அங்கே அதே சொல். கணக்கில் நாம் ரேடியஸை ‘ஆரம்’ என்கிறோம், அதுவும் சக்கரத்திலிருந்து வந்ததுதான்! கதிர் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டால் ‘கதிரலை’ சரியாக உட்காரும். கேலக்ஸி, கிரேக்கத்தில் பாலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் விண்மீன் திரள், பேரடை இரண்டும் வழக்கில் உள்ளன; எனக்குத் திரள்தான் பிடிக்கும், கேட்டவுடன் புரியும்.

எல்லாத் திரள்களும் கொஞ்சம் கதிரலை வீசத்தான் செய்கின்றன. இந்தப் பெயர், நடுவிலுள்ள பெருங்கருந்துளையிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் இரண்டு தாரைகள் பாய்ந்து, திரளையும் தாண்டிப் பெரிய மடல்களாக விரிகிறவற்றுக்கு. மடல் என்றால் காது மடல் மாதிரிதான். ஆங்கிலச் சொல்லும் காதிலிருந்து வந்ததே.

சரி, வகைக்கு வருவோம். 1974இல் பெர்னி ஃபனராஃப், ஜூலியா ரைலி என்ற இரு வானியலாளர்கள் 57 கதிரலை மூலங்களின் படங்களை அளந்து பார்த்தார்கள். இரு பக்கமும் மிகப் பிரகாசமான இடங்களுக்கு இடையே உள்ள தூரம், மொத்த நீளத்தில் பாதிக்கும் குறைவென்றால் முதல் வகை. பாதிக்கு மேல் என்றால் இரண்டாம் வகை. ஸ்கேல் வைத்து அளக்கும் வேலைதான். ஆனால் கதிரலை வலு குறைந்தவை முதல் வகையிலும் வலு மிகுந்தவை இரண்டாவதிலும் ஏறக்குறையத் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. எண்களை விட, முதல் வகையை ‘ஓரம் மங்கியது’, இரண்டாவதை ‘ஓரம் ஒளிர்வது’ என்று சொன்னால் படமே கண்முன் வரும்.

ஏன் இந்த வேறுபாடு? மாடித் தோட்டத்து ஹோஸை நினைத்துக்கொள்ளுங்கள். முழு அழுத்தத்தில் திறந்தால் நீர் நேராகப் போய் எதிர்ச்சுவரில் மோதித் தெறிக்கும். இரண்டாம் வகையைச் சேர்ந்த சிக்னஸ் ஏ என்ற திரள் அப்படி: தாரை கடைசி வரை வேகம் குறையாமல் போய், வெளிவாயுவில் மோதும் இடத்தில் வெம்புள்ளியாக எரிகிறது. முதல் வகையைச் சேர்ந்த எம் 87 என்ற திரளின் தாரை வேறு ரகம். சுற்றியுள்ள வாயுவை உள்ளே இழுத்துக் கலந்து, வேகம் குறைந்து, ஊதுபத்திப் புகை ஒரு சாண் நேரே ஏறி அப்புறம் கலைவது போலக் கலைகிறது.

அப்படியானால் வகையைத் தீர்மானிப்பது தாரையின் வலுவா, சுற்றுப்புறமா? இரண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. திரள் எவ்வளவு பிரகாசமானதோ, அவ்வளவு கூடுதல் வலு இருந்தால்தான் இரண்டாம் வகை ஆக முடியும் என்று பின்னால் தெரியவந்தது. 2019இல் லோஃபார் என்ற கதிரலைத் தொலைநோக்கியின் தரவுகளில் வலு குறைந்த இரண்டாம் வகைகளும் நிறையவே கிடைத்ததால் பழைய எல்லைக்கோடு நன்றாகவே தேய்ந்துவிட்டது.

ஒரு பக்கம் முதல் வகை, மறுபக்கம் இரண்டாம் வகை என்று தோன்றுபவையும் உண்டு. ‘கலப்பு வகை’ என்றால் போதும். கருந்துளை ஒன்றே, முகம் மட்டும் இரண்டு. சுற்றுப்புறத்தைக் காரணம் காட்டுபவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது இவற்றைத்தான்.