ஊசி இறங்கும் இடமும் ஏறி இறங்கும் சர்க்கரையும்

குமரி மாவட்டத்தின் குலசேகரம், பேச்சிப்பாறைப் பகுதிகளில் ரப்பர் பால்வெட்டுவோர் விடியுமுன்பே வேலைக்குச் செல்பவர்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் அத்தகைய ஒருவருக்கு, வெறும் வயிற்றில் ஒரு நாள் 260, மறுநாள் 65 என்று சர்க்கரை காட்டுமானால், மருந்தின் அளவை மாற்றுவதற்கு முன் செவிலியர் அவருடைய வயிற்றையும் தொடையையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

இன்சுலினுக்குக் கொழுப்புத் திசுவை வளர்க்கும் இயல்பு உண்டு. வலி குறைவு என்பதால் பலரும் பழகிய ஒரே இடத்திலேயே மாதக்கணக்கில் குத்திக்கொள்ள, அங்கே தோலுக்கடியில் தடிப்பு உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு மட்டுமே தட்டுப்படுவதும் உண்டு. அவ்விடத்தில் போட்ட மருந்து ஒரு நாள் மெதுவாகவும் மறுநாள் விரைவாகவும் இரத்தத்தில் கலக்கிறது. மருந்து பலிக்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே வந்தவர் திடீரென நல்ல இடத்துக்கு மாறினால், அதே அளவு நன்கு உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். ஆகவே இடத்தை மாற்றும்போதே மருத்துவரின் சொற்படி அளவைக் குறைத்து, சில நாள்கள் அடிக்கடி சோதிக்க வேண்டும். பெரும்பாலும் மறக்கப்படுவது இதுதான்.

சிரிஞ்சையும் கையில் வாங்கிப் பார்ப்பது நல்லது. நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட், 100 யூனிட் என இருவகை இன்சுலின் குப்பிகள் கிடைக்கின்றன. 100 யூனிட் மருந்தை, 40 யூனிட் மருந்துக்கென அளவிட்ட சிரிஞ்சில் அதே கோடுவரை இழுத்தால், உடலுக்குள் செல்வது இரண்டரை மடங்கு.

மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் சாப்பிட்ட இரவுக்கும், கஞ்சியோடு முடித்த இரவுக்கும் சர்க்கரை வேறுபடும் என்பது தெரிந்ததே. தொடையில் ஊசி போட்டுவிட்டு உடனே மேடேறி நடந்தால், அங்கு இரத்த ஓட்டம் பெருகி மருந்து வேகமாகக் கலக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. பழம் உரித்த கையைக் கழுவாமல் விரலில் குத்திச் சோதித்தால், ஒட்டியிருக்கும் இனிப்பே பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும்.

அளவு 70-க்குக் கீழே இறங்கி, வியர்வையும் நடுக்கமும் கண்டால், நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம், அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். பிஸ்கட் இதற்கு மெதுவானது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவருக்கு இரத்தக் குழாய்வழிக் குளுக்கோஸ் தேவை. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிப்பிரைடு மாத்திரை உண்ணும் முதியவரானால், தெளிந்த பின்னும் சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடும் என்பதால், அவரை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள்.