பாட்டில் விற்கிறது சரி, அந்தக் காசு யாருக்குப் போகிறது?

“எனர்ஜி டிரிங்க் கம்பெனி பங்கு ஏதாவது சொல்லுங்க சார், பசங்க எல்லாரும் அதைத்தானே குடிக்கிறாங்க?”

பெங்களூரில் முதலீட்டு ஆலோசகராகத் தொழில் செய்யும் என்னிடம் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கேள்வியாக வந்தால் பரவாயில்லை, உட்கார்ந்து பேசலாம். பெரும்பாலும் வாங்கி முடித்து, பணம் பாதியாகக் கரைந்த பிறகு வருகிறார்கள். இப்படி வந்தவர்கள் போதும் என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் வந்தவர் ஜாலஹள்ளிப் பக்கம் குடியிருக்கும் சேலத்துக்காரர். பொதுத்துறை நிறுவனமொன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வீட்டுக்குக் கீழே இருக்கும் மளிகைக் கடையில் 20 ரூபாய் சிவப்பு பாட்டில்கள் கட்டுக்கட்டாக இறங்குவதையும், சாயங்காலத்துக்குள் காலியாவதையும் தினமும் பார்க்கிறார். சொந்தக்காரப் பையன் சேர்த்துவிட்ட டெலிகிராம் குழுவில் ‘அடுத்த ரெட் புல்’ என்று ஒரு சின்ன நிறுவனத்தின் பெயர் வந்தது. கிராஜுவிட்டியில் பெரும்பகுதியை அதில் போட்டுவிட்டார். சில வாரம் ஏறியது. அப்புறம் தினமும் லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விழ அனுமதித்த எல்லை வரை விழுந்தது. விற்க ஆர்டர் போட்டால் வாங்க ஆளில்லை.

“நீங்க பங்கு வாங்கின கம்பெனியோட டின்னை எந்தக் கடையிலாவது பார்த்தீங்களா சார்?” என்று கேட்டேன். பார்த்ததில்லை. தினமும் அவர் கண்ணில் பட்டது வேறு கம்பெனியின் பாட்டில். கூட வந்த அவர் மனைவிக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள், மென்பொருள் துறையில் நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லாரும் விழுவது இதே இடத்தில்தான். ஒரு பானம் விற்பதைக் கண்ணால் பார்க்கிறோம். அந்தப் பானத்துக்குச் சொந்தக்காரர் யார், அதைப் பாட்டிலில் அடைப்பவர் யார், அவர்களில் யாருடைய பங்கு சந்தையில் கிடைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன்.

ரெட் புல் பங்கு உலகத்தில் எந்தச் சந்தையிலும் கிடைக்காது. ஆஸ்திரியாவின் டீட்ரிக் மாட்டெஷிட்ஸும் தாய்லாந்தின் யூவித்யா குடும்பமும் சேர்ந்து வளர்த்த தனியார் நிறுவனம் அது. 49 சதவீதம் மாட்டெஷிட்ஸ் பக்கம், 51 சதவீதம் தாய்லாந்துக் குடும்பத்திடம். 2022-ல் அவர் இறந்தபோது அவருடைய பங்கு மகனுக்குப் போனது, சந்தைக்கு வரவில்லை. ‘ரெட் புல் ப்ரீ-ஐபிஓ பங்கு (சந்தையில் முதல் வெளியீடு வரும் முன்பே விற்கும் பங்கு) வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவன் சொன்னால் அது மோசடி. அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஸ்டிங் என்ற எனர்ஜி டிரிங்க் பெப்சிகோவின் பிராண்டு. பெப்சிகோ அமெரிக்காவில் பட்டியலிட்ட நிறுவனம். சிப்ஸும் ஓட்ஸும் கோலாவும் விற்கிற அந்தக் கடலில் ஸ்டிங் ஒரு சின்ன வாய்க்கால்கூட ஆகாது. இந்தியாவில் அதைத் தயாரித்து, பாட்டிலில் அடைத்து, கடைக்குக் கொண்டுபோவதில் பெரும்பகுதியைச் செய்வது வருண் பெவரேஜஸ். இதுதான் நம் சந்தையில் பட்டியலிட்டிருக்கிறது. ஆனால் பிராண்டு அவர்களுடையது இல்லை. பானத்தின் மூலச்சாற்றைப் பெப்சிகோவிடம் வாங்குகிறார்கள், பெப்சிகோவோடு போட்ட ஒப்பந்தம் 2039 வரை இருக்கிறது. பங்கு வாங்குகிறவர் இந்த ஒப்பந்தத்தைப் பற்றி ஆண்டறிக்கையில் ஒரு முறையாவது படித்திருக்க வேண்டாமா?

தம்ஸ் அப் சார்ஜ்டு கோக கோலாவுடையது. கோக கோலாவின் இந்தியப் பிரிவு எதுவும், நான் இதை எழுதும் நேரத்தில், நம் சந்தையில் இல்லை. அதன் பாட்டிலிங் நிறுவனத்தில் 40 சதவீதத்தை ஜூபிலன்ட் பார்தியா குழுமம் வாங்குவதாக 2024 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. காம்பா கோலாவும், கிரிக்கெட் வீரர் முரளிதரனைச் சேர்த்துக்கொண்டு 10 ரூபாய்க்கு வந்த ஸ்பின்னர் பானமும் ரிலையன்ஸுடையவை. காம்பாவை நம்பி ரிலையன்ஸ் பங்கு வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது சுத்திகரிப்பு ஆலையையும் ஜியோவையும் சில்லறைக் கடைகளையும்தான். அது நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. பானத்துக்காக வாங்கினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சரி, சரியான நிறுவனத்தையே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘நன்றாக விற்கிறது, அதனால் பங்கு ஏறும்’ என்ற கணக்கு நிற்காது. மத்தூர் இளநீருக்கு நல்ல கிராக்கி என்பதற்காக அங்கே ஒரு தென்னந்தோப்பை, சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் வாங்குவீர்களா? ஏக்கர் என்ன விலை, மரத்துக்கு எத்தனை காய், போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று ஊரையே விசாரிப்பீர்கள். பங்கு என்றால் மட்டும் விலையைக் கேட்கவே மறந்துவிடுகிறோம். பங்கு ஒன்றுக்கு ஆண்டு லாபம் 8 ரூபாய், சந்தை விலை 640 ரூபாய் என்றால் 80 ஆண்டு லாபத்தை இன்றைக்கே முன்பணமாகக் கொடுக்கிறீர்கள். அந்த விலைக்குள் அடுத்த பல ஆண்டுகளின் வளர்ச்சி ஏற்கெனவே அடங்கிவிட்டது. நிறுவனம் நன்றாக நடந்தாலும், எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவாக நடந்தால் போதும், விலை சரியும்.

வருண் பெவரேஜஸையே எடுங்கள். 2016 அக்டோபரில் 445 ரூபாய்க்கு வெளியீடு வந்தபோது வாங்கிப் பொறுமையாக வைத்திருந்தவர்கள் பல மடங்கு சம்பாதித்தது உண்மை. அதே பங்கு, ஒரு பங்கைப் பலவாகப் பிரித்ததற்குப் பிந்தைய கணக்கில், 2024-ல் 600 ரூபாயைத் தாண்டியது, 2025-ல் 500-க்கும் கீழே வந்தது. பாட்டில் விற்பது நின்றுவிட்டதா? இல்லை. 2025 கோடையில் மழை முன்கூட்டியே கொட்டியது, ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் இந்திய விற்பனை அளவு சுமார் 7 சதவீதம் குறைந்தது. குளிர்பானத் தொழிலில் வருடத்தின் கனமான காலாண்டு அதுதான். இன்னொரு பக்கம் 10 ரூபாய் காம்பா கடை கடையாகப் புகுந்துகொண்டிருந்தது. நிறுவனம் லாபத்தில்தான் நடந்தது. உச்சத்தில் வாங்கினவருக்குத்தான் நஷ்டம்.

இதைவிடத் தெளிவான உதாரணம் அமெரிக்காவின் செல்சியஸ் என்ற எனர்ஜி டிரிங்க் நிறுவனம். 2022-ல் பெப்சிகோ அதில் 55 கோடி டாலர் போட்டு விநியோகத்தையும் எடுத்துக்கொண்டது. பங்கு பறந்தது. 2024-ன் முற்பகுதியில் 90 டாலருக்கு மேல். அந்த ஆண்டு முடியும்போது 30-க்கும் கீழே. நடந்தது இதுதான்: விநியோகஸ்தரின் கிடங்கில் சரக்கு அதிகமாகச் சேர்ந்துவிட்டது, ஆகவே புது ஆர்டரைக் குறைத்தார்கள். மூன்றாம் காலாண்டில் நிறுவனத்தின் வருமானம் 31 சதவீதம் விழுந்தது. அதே மாதங்களில் கடைகளில் மக்கள் அந்த டின்னை முந்தைய ஆண்டைவிட அதிகமாகவே வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடை வாசலில் நின்று எண்ணிப் பார்த்திருந்தால் ‘அருமையாக விற்கிறது’ என்றுதான் உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

‘மான்ஸ்டர் எத்தனை ஆயிரம் மடங்கு ஏறிச்சு தெரியுமா?’ என்று கேட்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. ஏறியது உண்மை. ஹான்சன் என்ற பெயரில் பழச்சாறும் சோடாவும் விற்ற நிறுவனம் 2002-ல் மான்ஸ்டரைக் கொண்டுவந்தது, 2015-ல் கோக கோலா அதில் ஆறில் ஒரு பங்கை வாங்கியது. அதே அமெரிக்காவில் பாங் என்ற எனர்ஜி டிரிங்கும் கடைக்குக் கடை அடுக்கியிருந்தது. அதன் நிறுவனம் 2022-ல் திவாலுக்கு மனுச் செய்தது, 2023-ல் அதை வாங்கியதே மான்ஸ்டர்தான். யூடியூபில் முதல் கதையை மட்டும் சொல்வார்கள்.

20 ரூபாய் பாட்டிலில் நிறுவனத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்றும் பாருங்கள். காஃபின் சேர்த்த பானங்களை 2019-லேயே 28 சதவீத ஜிஎஸ்டியும் 12 சதவீத செஸ்ஸும் உள்ள பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். 2025 செப்டம்பர் முதல் நேராக 40 சதவீதம். அதாவது 20 ரூபாய்க்குள் சுமார் 5 ரூபாய் 70 காசு வரி. மீதியில் கடைக்காரர், விநியோகஸ்தர், மூலச்சாறு, சர்க்கரை, பிளாஸ்டிக், லாரி, கடைக்கு இலவசமாகக் கொடுக்கும் குளிர்பெட்டி, விளம்பரம் எல்லாம் போக வேண்டும். விலையை 22 ஆக்கலாம் என்றால் பக்கத்திலேயே 10 ரூபாய் பாட்டில் இருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உகந்ததல்ல, ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று லேபிளில் அச்சிட வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. போலந்தில் 2024 ஜனவரி முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எனர்ஜி டிரிங்க் விற்கவே தடை. பள்ளிக்கூட வாசல் விற்பனையை நம்பி ஒரு தொழில் வளர்கிறதென்றால், ஓர் அரசாணையில் அந்த வளர்ச்சி நின்றுபோகலாம். என் வீட்டுப் பிள்ளைகள் கையில் அந்தப் பாட்டிலைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது சின்னக் கம்பெனிகள். எனக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான்.

ஒரு பானம் பேச்சாகிவிட்டால், பெயரில் ‘பெவரேஜஸ்’ என்று இருக்கும் எந்தப் பங்கும் ஆடத் தொடங்கும். பெயருக்கு இருக்கும் சக்தியை அமெரிக்காவில் ஒரு குளிர்ந்த தேநீர் நிறுவனமே காட்டியது. லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்ற அந்த நிறுவனம், பிட்காயின் மோகம் உச்சத்தில் இருந்த 2017 டிசம்பரில் தன் பெயரை லாங் பிளாக்செயின் என்று மாற்றியது. அறிவித்த அன்றே பங்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. அடுத்த ஆண்டே நாஸ்டாக் பங்குச் சந்தை அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. நம் ஊரில் பெயர் மாற்ற வேண்டுமானால் புதுப் பெயர் காட்டும் தொழிலிலிருந்து முந்தைய ஓராண்டு வருமானத்தில் பாதியாவது வந்திருக்க வேண்டும், அல்லது சொத்தில் பாதியாவது அந்தத் தொழிலில் போட்டிருக்க வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி இருக்கிறது. விதி இருந்தும், பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களை எந்த விதியால் காப்பாற்ற முடியும்?

டெலிகிராமில் டிப்ஸ் கொடுப்பவன் அந்தப் பங்கை முன்னாலேயே வாங்கி வைத்திருக்கிறான். நீங்கள் வாங்குவதற்காகத்தான் அவன் பேசுகிறான். பங்கு விழும்போது ‘ஆவரேஜ் பண்ணுங்க’ (குறைந்த விலையில் இன்னும் வாங்குங்க) என்பதும் அவன்தான், ஏனென்றால் அவன் இன்னும் முழுதாக விற்று முடிக்கவில்லை. இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாங்குவதற்கு முன் மும்பைப் பங்குச் சந்தையான பிஎஸ்இயின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். புரோமோட்டர், அதாவது நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் முதலாளி, எத்தனை சதவீதம் வைத்திருக்கிறார், அதில் எவ்வளவு அடமானத்தில் இருக்கிறது, தொழிலிலிருந்து உண்மையாகப் பணம் உள்ளே வருகிறதா, எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். பங்கு கண்காணிப்புப் பட்டியலில் இருந்தால் தொடாதீர்கள், சந்தையே எச்சரிக்கிறது என்று அர்த்தம். ஆலோசனை சொல்பவரிடம் செபி பதிவெண் கேளுங்கள். ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ, ஆய்வாளர் என்றால் ஐஎன்எச் என்று தொடங்கும், செபி தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். பதிவுபெற்ற எவரும் லாபத்துக்கு உத்தரவாதம் தர முடியாது, முதலீட்டுப் பணத்தைத் தன் கணக்கில் வாங்கவும் கூடாது. கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பட்டியலிடாத பங்கை ‘ஐபிஓ வந்ததும் விற்கலாம்’ என்று தலையில் கட்டுகிறார்களா? பட்டியலான பிறகும் 6 மாதம் விற்க முடியாது என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

பெல்லந்தூர், மாரத்தஹள்ளிப் பக்கத்திலிருந்து கைபேசி செயலி வழியாக மான்ஸ்டரும் செல்சியஸும் வாங்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஒரே ஒரு வெளிநாட்டுப் பங்கு இருந்தாலும் வருமானவரிப் படிவம் ஐடிஆர்-1 போடக்கூடாது. ஐடிஆர்-2 போட்டு, வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். லாபம் இல்லை, விற்கவில்லை, தொகை சின்னது என்ற காரணத்தால் அட்டவணையை விட்டுவிடாதீர்கள். டிவிடெண்ட் வந்தால் அமெரிக்காவில் 25 சதவீதம் பிடித்துவிடுவார்கள், அதற்கான வரவை இங்கே ரிட்டர்னில் கேட்டு வாங்கலாம். தொகை பெரிதானால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கப் பங்குகள் 60,000 டாலருக்கு மேல் இருக்கும்போது வைத்திருப்பவர் இறந்துவிட்டால், அங்கே வாரிசுச் சொத்து வரி பாயும். இதைச் செயலிக்காரர்கள் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

ஓய்வுக்காலப் பணம் வைத்திருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பானத் தொழிலில் நம்பிக்கை இருந்தால் மொத்தச் சேமிப்பில் மிகச் சிறிய பங்கோடு நிறுத்துங்கள், அதையும் மியூச்சுவல் ஃபண்ட் வழியாகவே செய்யுங்கள். கிராஜுவிட்டியும் பிஎஃப்பும் அதற்கான பணம் அல்ல. பிள்ளைகளும் வெளியூரிலிருந்து அப்பாவின் ரத்த அழுத்தத்தை விசாரிக்கும்போது, எந்தக் குழுக்களில் சேர்ந்திருக்கிறார் என்றும் ஒரு முறை கேளுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் செய்ய வேண்டியது: குழுவில் வந்த செய்திகளை அழிக்காமல் படம்பிடித்து வையுங்கள். பட்டியலிட்ட பங்கு, தரகர் தொடர்பான புகார் என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளம். போலிச் செயலி, போலிக் கணக்குக்குப் பணம் அனுப்பியது என்றால் அந்த மணி நேரத்திலேயே சைபர் குற்ற உதவி எண் 1930. சர்க்யூட் திறந்து விற்க முடிந்தால், வாங்கின விலை திரும்ப வரட்டும் என்று காத்திராமல், அந்த நிறுவனத்தை இன்றைய விலைக்குப் புதிதாக வாங்குவீர்களா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். நஷ்டத்தில் விற்றவர்கள் வருமானவரி ரிட்டர்னை உரிய தேதிக்குள் போட்டுவிடுங்கள். அப்போதுதான் அந்த நஷ்டத்தை 8 ஆண்டுகள் வரை கொண்டுபோய், பின்னால் வரும் மூலதன லாபத்தில் கழிக்க முடியும். தேதி தாண்டினால் அந்தச் சலுகையும் போய்விடும்.