டேங்கர் லாரிக்கும் முத்திரை உண்டு: எரிபொருள் அளவு விதிகள்

பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையைக் கொண்டுவரச் சொல்லி, நம் கண் முன்னாலேயே பிடித்துப் பார்க்கலாம். 25 மில்லி வரை கூடக்குறைய இருந்தால் அனுமதி, அதற்கு மேல் குறைந்தால் புகார். இது இப்போது பலருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பங்குக்கே சரக்கு கொண்டுவரும் லாரியை யார் அளக்கிறார்கள்?

அதற்கும் சட்டம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் கணக்கில் டேங்கர் என்பது வெறும் வண்டி அல்ல. மளிகைக் கடைப் படியைப் போல அதுவும் ஓர் அளவை. 2011 பொது விதிகளின்படி சாதாரண எடைக்கற்களுக்கு 24 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை போட்டால் போதும். தரையில் நிற்கும் சேமிப்புத் தொட்டிகளுக்கு 60 மாதம். டேங்கர் லாரிக்கு 12 மாதம்தான். நாள்தோறும் குலுங்கி ஓடி, இடிபட்டு நசுங்குகிற தொட்டிக்கு இந்தக் கெடுபிடி நியாயமானதே. தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்களிடம் இருக்கிறது.

லாரித் தொட்டி உள்ளே பல அறைகளாகப் பிரிந்திருக்கும். அளவு தெரிந்த கலங்களால் ஒவ்வோர் அறையிலும் தண்ணீர் நிரப்பி, எந்த உயரத்தில் எத்தனை லிட்டர் என்று குறிப்பார்கள். அந்த லாரிக்கென்றே ஒரு டிப் ராட் (எண்ணெயின் உயரத்தை அளக்க உள்ளே விடும், கோடு போட்ட கம்பி), ஒரு சான்றிதழ். வேறு லாரியின் ராடை விட்டு அளந்தால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

கோல்மால் நடக்கக்கூடிய இடமும் இந்த ராடுதான். அடிமுனையை ஒரு மில்லிமீட்டர் தேய்த்துவிட்டால் ராடு அந்த அளவுக்குக் கீழே இறங்கும், எண்ணெய் மேல்கோட்டைத் தொட்டதாகக் காட்டும். எண்ணெயின் மேற்பரப்பு 3 சதுர மீட்டர் இருந்தால் அந்த ஒரு மில்லிமீட்டருக்கே 3 லிட்டர் போச்சு. அதனால் ராடின் முழு நீளத்தையும் சான்றிதழில் உள்ள உயரத்தோடு ஒப்பிட வேண்டும். தொட்டியைப் பழுது பார்த்திருந்தால் 12 மாதம் முடியும் வரை காத்திருக்க முடியாது. மறுபடி முத்திரை வாங்கிய பிறகுதான் ஓட்டலாம்.

லாரி வந்ததும் பங்க்காரர் செய்ய வேண்டியவை சில. சமதளத்தில் நிறுத்தி, எண்ணெய் அலை அடங்கும் வரை பொறுக்க வேண்டும். சீல் எண்களை பில்லோடு ஒப்பிட வேண்டும். அப்புறம் டிப், தண்ணீர் கலந்திருக்கிறதா என்ற சோதனை, அடர்த்தி. 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்குக் கணக்கிட்டு மாற்றிய அடர்த்தி, பில்லில் உள்ளதிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகினால் இறக்கக் கூடாது. வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும்: ஒரு டிகிரி ஏறினால் பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லி விரியும். அதாவது 12,000 லிட்டர் லோடில் டிகிரிக்கு சுமார் 12 லிட்டர். விடியற்காலையில் நிரப்பிய லோடை மத்தியானம் டிப் பார்த்து, அளவு கூடியிருக்கிறது என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. இறக்கிய பிறகு மேலே ஏறி, அறைகள் காலியா என்றும் எட்டிப் பார்த்துவிட வேண்டும். இதைத்தான் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள்.

ஜெனரேட்டருக்கு டீசலை வீட்டு வாசலிலேயே இறக்கும் பவுசர் வண்டி வேறு ரகம். அதில் அளப்பது தொட்டி அல்ல, மீட்டர். அதற்கும் 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை கட்டாயம். மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு, குவாரி என்று மொத்தமாக வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பார்த்தால் போதும். மீட்டரின் கம்பி சீல் அறுபடாமல் இருக்கிறதா, எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா? தொட்டி தீரும் நேரத்தில் குழாயில் காற்று புகுந்தால் அதையும் மீட்டர் டீசலாக எண்ணிவிடும். காற்றைப் பிரித்துவிடும் கருவி அதற்காகத்தான் இருக்கிறது. குழாய் துள்ளித் துள்ளி நுரையாக ஊற்றினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

முத்திரைச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்க வாங்குபவருக்கு எந்தத் தயக்கமும் வேண்டாம். அளவில் சந்தேகம் இருந்தால் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம். வண்டி எண், நேரம், பில் நகல், சீல் எண்கள் கையில் இருந்தால் புகார் நிற்கும்.